மாட்டேன் என்ற முன் சக்கரங்கள்

வேனுக்கு அடியில் மல்லாந்து படுத்தபடி, அதை வடிவமைத்தவர்களின் ஏழு தலைமுறையையும் தவமணி திட்டிக்கொண்டிருந்தாள். ஒரே ஒரு ஒயரைத் தொட்டுப் பார்க்க நான்கு மூடிகளைக் கழற்ற வைத்த மனிதர்களை வேறு என்ன செய்வது? ஏசி அறையில் உட்கார்ந்து வண்டி வரைகிறவர்களை ஆறு மாதமாவது கொல்லிமலையில் ஸ்பானரோடு விட வேண்டும் என்பது அவளுடைய நெடுநாள் கட்சி. திருச்செங்கோட்டில் போர்வெல் லாரிகளுக்கு நடுவே வளர்ந்தவள். இப்போது நாற்பத்திரண்டு வயதில், சுகாதாரத் துறை வண்டிகளுக்குக் கோளாறு பார்க்கும் வேலை. மேடு ஏறாமல் எந்த வண்டி எங்கே நின்றாலும் அவளைத்தான் அனுப்புவார்கள்.

இது நடமாடும் டயாலிசிஸ் வேன். உள்ளே ஒரு படுக்கை, ஒரு இயந்திரம், தண்ணீர்த் தொட்டி. கருநெல்லிப்பட்டியில் இருக்கும் ஒரே ஒரு நோயாளிக்காக வாரம் இரண்டு தடவை ஆறு கிலோமீட்டர் மண்பாதையில் ஏறும். போன இரண்டு தடவையும் பாதி மேட்டில் முன் சக்கரங்கள் இரண்டும் இழுக்க மறுத்ததால் திரும்பி வந்துவிட்டது. மூன்று தடவை தொடர்ந்து போய்ச் சேராத தடத்தைத் துறையின் கணினி தானாகவே பட்டியலிலிருந்து நீக்கிவிடும். இன்று மூன்றாவது தடவை. மாலை ஐந்து மணி வரைதான் கெடு. நீக்கியதைத் திரும்பச் சேர்க்க எத்தனை மேசை ஏறி இறங்க வேண்டும் என்பது அரசாங்கத்தோடு பழகியவர்களுக்குத் தெரியும். அதற்குள் நோயாளி பிழைத்திருக்க வேண்டுமே.

"அம்மணி, ஏதாச்சும் தட்டுப்பட்டுச்சுங்களா?" பக்கத்தில் குந்தியிருந்த டிரைவர் பொன்னுரங்கம் கேட்டார். அந்த மலைக்காரர்தான். ஐம்பதைத் தாண்டியவர். அந்தப் பாதைக்கு வேறு எந்த டிரைவரும் வர மாட்டேன் என்றபோது, தானாகக் கேட்டு வாங்கிக்கொண்டு இரண்டு வருடமாக ஓட்டுகிறவர்.

"ஒயரு நல்லாருக்குதுங்ண்ணா. மோட்டாரு நல்லாருக்குது. எல்லாமே நல்லாருந்தும் வண்டி ஏற மாட்டேங்குதுன்னா எனக்குப் பத்திக்கிட்டு வருது."

"எனக்கு ஒன்னு வெளங்கலைங்க. வீலு மாட்டேன்னு சொல்றதுக்கு அதுக்கு வாயா இருக்குது?"

"வாய் இல்லீங்ண்ணா, புத்தி இருக்குது. ஒவ்வொரு வீலுக்கும் தனி மோட்டாரு, தனி மூளை. மண்ணு ஈரமா, கல்லு உருளுதா, சறுக்குதான்னு அததுவே படிச்சுக்கும். மேட்டுல நாலும் கூடிப் பேசும். நாலுல ரெண்டு வேண்டாம்னு சொல்லிருச்சுன்னா வண்டி நின்னுரும். பள்ளத்துல உழுந்து ஆளு சாகறதுக்கு நின்னு போறது தேவலைன்னு சட்டமே போட்டாச்சு."

"பஞ்சாயத்துன்னு சொல்லுங்க."

"அதேதான். பேசிப் பேசியே காரியத்தைக் கெடுக்கறதுலயும் அப்படியேதான்."

அந்தச் சட்டம் வந்த பிறகு மலைப்பாதைகளில் வண்டி கவிழ்ந்து சாகிறவர்களின் எண்ணிக்கை பாதிக்குமேல் குறைந்தது உண்மை. அமைச்சர்கள் அதை மேடைதோறும் சொன்னார்கள். வண்டி ஏறாத மேட்டுக்கு மேலே காத்திருந்து செத்தவர்களை மட்டும் எந்தக் கணக்கிலும் யாரும் எழுதவில்லை.

தவமணியின் போன் அடித்தது. மேலே ஊரிலேயே தங்கியிருக்கும் நர்ஸ் எஸ்தர்.

"அக்கா, குப்பாயி அக்காவுக்கு மூஞ்சி ரொம்ப வீங்கிருச்சு. பொட்டாசியம் ஏறிக்கிட்டே போகுது. சாயங்காலத்துக்குள்ள மெஷின்ல போட்டே ஆகணும். தூளி கட்டித் தூக்கிட்டு வரலாம்னா, போன வாரம் தூக்குனப்பவே பாதி வழியில நாடி விழுந்துருச்சு. மறுபடி அந்த வேலை வேணாம்க்கா."

பின்னாலிருந்து இன்னொரு குரல் போனைப் பிடுங்கிக்கொண்டது. "மாமா இருக்காரா? மாமா, இன்னிக்காச்சும் வந்துருவீங்களா, இல்ல நானே உருண்டு வந்துரட்டுமா? எறக்கந்தானே!"

மூச்சு வாங்கிக்கொண்டே சிரித்தாள் குப்பாயி. முப்பத்தெட்டு வயது. மிளகுக் கொடி ஏற்றுவதில் அந்த ஊரில் அவளை மிஞ்ச ஆளில்லை என்று எஸ்தர் சொல்லியிருந்தாள். பொன்னுரங்கத்தின் தம்பி மனைவி. தம்பி போய்ப் பதினோரு வருடம் ஆகிறது.

"வந்துர்றம்மா" என்றார் பொன்னுரங்கம். அவர் சிரிக்கவில்லை.

தவமணி வெளியே வந்து புழுதியைத் தட்டும்போதுதான் டயர்களைக் கவனித்தாள். முன்னால் இரண்டும் புத்தம் புதுசு. பின்னால் இரண்டும் ரீட்ரெட், தேய்ந்த டயர்மேல் புது ரப்பர் ஒட்டியவை.

"இந்த டயரை எப்பங்ண்ணா மாத்துனீங்க?"

"போன மாசங்க. முன்னாடி புதுசு, பின்னாடி ரீட்ரெட். பஸ்ஸோ லாரியோ, அதானுங்களே வழக்கம்? முன்னாடி வெடிச்சா ஸ்டியரிங் கையில நிக்காது."

"வழக்கந்தான். லாரிக்கு."

அவள் சாக்பீஸ் எடுத்து ஒவ்வொரு டயரிலும் தரையிலும் கோடு போட்டாள். வண்டியை மெல்ல உருட்டச் சொல்லி, சக்கரம் ஒரு முழுச் சுற்றுச் சுற்றி எங்கே வந்து நிற்கிறது என்று டேப்பால் அளந்தாள். முன்னதற்கும் பின்னதற்கும் மூன்று விரல்கடை வித்தியாசம்.

"பாருங்க. பின் வீலு சின்னது, அதனால கூடச் சுத்துது. அது ஓயாம சறுக்கிட்டே வருதுன்னு முன் வீலு நெனைக்குது. கூட வர்றவன் சரியில்லைன்னா யாருக்குத்தான் மேடேற மனசு வரும்?"

பொன்னுரங்கத்தின் முகத்தில் அப்போதுதான் ரத்தம் வந்தது. "அட, இவ்வளவுதானுங்களா!"

"இவ்வளவுதான்" என்றாள் தவமணி. கோளாறு பார்க்கிறவர்கள் சொல்லவே கூடாத வார்த்தை அது. அவளுக்கும் தெரியும். ஆனாலும் வாயில் வந்துவிட்டது.

காற்றைக் கூட்டிக் குறைத்து முடிந்தவரை சமன்செய்தாள். மிச்ச வித்தியாசத்தைச் சக்கரங்களின் மூளைக்கே எழுதிச் சொன்னாள். சமதரையில் ஓட்டிப் பார்த்தபோது திரையில் நான்கு விளக்கும் பச்சையாக எரிந்தன. மணி பதினொன்று. ஏறத் தொடங்கினார்கள்.

முதல் நான்கு கிலோமீட்டர் வெண்ணெயில் கத்தி போனதுபோல் போனது. பொன்னுரங்கம் நல்ல டிரைவர். எந்தக் குழியில் எந்தச் சக்கரத்தை இறக்க வேண்டும் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. பிறகு ஒரு வளைவு வந்தது. இடப்பக்கம் தலை சுற்றும் பள்ளம், வலப்பக்கம் சுவர்போல் நின்ற மண்கரடு. பள்ளத்து ஓரத்தில், மஞ்சள் பூசிய முழங்கால் உயரக் கல் ஒன்று. கல்லுக்கு முப்பதடி இருக்கும்போதே பொன்னுரங்கத்தின் கால் மிதியிலிருந்து எழுந்தது. வலக்கை ஸ்டியரிங்கை விட்டு நெஞ்சைத் தொட்டது. அடுத்த நொடியில் முன் சக்கரங்கள் இரண்டும் அடங்கிவிட்டன. திரையில் சிவப்பு எழுத்து: 'நான்கு சக்கர இணைப்பு விலகியது.' அவர் மறுபடி மிதித்ததும் பின் சக்கரங்கள் மட்டும் மண்ணை வாரி இறைத்தன.

வண்டியைப் பத்தடி பின்னால் உருட்டி, சற்றுச் சமமான இடத்தில் நிறுத்தினார். தவமணி இறங்கிப் பின் சக்கரங்களுக்குக் கல் வைத்தாள். தன் கையடக்கத் திரையில் சக்கரங்களின் பழைய பதிவுகளை எடுத்துப் பார்த்தாள். பார்க்கப் பார்க்க அவளுக்கு விஷயம் புரிந்தது. எப்படிச் சொல்வது என்றுதான் புரியவில்லை.

"அண்ணா, தப்பா எடுத்துக்காதீங்க. ரெண்டு வருசமா, ஒரு தடவ தவறாம, நீங்க இந்த எடத்துல காலைத் தூக்கறீங்க. ஒன்றரை செகண்டு."

"கும்புடறேனுங்க. அது என் தம்பி கல்லு."

"சரிங்ண்ணா. ஆனா வீலுக்கு மொத வாத்தியாரு டிரைவரோட காலுதான். இத்தன வருசம் ஓட்டுனவரு இங்க காலை எடுக்கறாருன்னா இங்க ஏதோ ஆபத்துன்னு எழுதி வெச்சுக்குது. கும்புடறதுக்கும் பயப்படறதுக்கும் அதுக்கு வித்தியாசம் தெரியல."

பொன்னுரங்கம் பள்ளத்தின் பக்கம் திரும்பினார்.

"எனக்கே தெரியலைங்க அம்மணி" என்றார்.

பிறகு தானாகவே சொன்னார். பதினோரு வருடத்துக்கு முன் அவரிடம் ஒரு கிழட்டு ஜீப் இருந்தது. மிளகு மூட்டை ஏற்றிக்கொண்டு அவரும் தம்பி சடையனும் சந்தைக்கு இறங்கினார்கள். நல்ல மழை.

"அந்த ஜீப்புல நாலு வீல் லீவரு எப்பவும் போட்டபடியே சிக்கிக் கெடக்கும். ஆனா அது போதாது. முன் வீலு நடுவுல ஒரு திருகு இருக்கும். எறங்கிப் போயி ரெண்டு பக்கமும் திருகி விட்டாத்தான் முன் வீலுக்குப் பிடிப்பு வரும். அன்னிக்கு எறங்கலைங்க. மழையில நனையணுமேன்னு சோம்பல். அப்படியே ஓட்டிட்டேன். இந்த வளைவுல வண்டி அப்படியே பக்கவாட்டுல போயிருச்சு. நான் ரோட்டுல தெறிச்சு உழுந்தேன். அவன் வண்டியோட போயிட்டான். ரெண்டு திருகு. ரெண்டே ரெண்டு திருகு, அம்மணி."

தவமணி அறிக்கைப் படிவத்தைத் திறந்தாள். 'கோளாறுக்குக் காரணம்' என்ற இடத்தில் நான்கே வார்த்தைகள்: இயந்திரம், மென்பொருள், ஓட்டுநர், சாலை. உண்மையை எழுதினால் ஓட்டுநர். எழுதினால் இவரை மலைப்பாதையிலிருந்து நிரந்தரமாக எடுத்துவிடுவார்கள். இவர் போனால் இந்தத் தடத்துக்கு வர ஆள் கிடையாது. மென்பொருள் என்று எழுதினால் சக்கரங்களின் நினைவு முழுக்கத் துடைக்கப்படும். இரண்டு வருடம் படித்த பாதையை மறந்த சக்கரங்களோடு இந்தப் பள்ளத்து ஓரம் ஏற வேண்டும். எதை எழுதினாலும் மேலே ஒருத்திதான் விலை கொடுக்க வேண்டும்.

விரல் திரைக்கு மேலேயே நின்றது. ஒரு விஷயம் அவளை உறுத்தியது. இரண்டு வருடமாகக் கால் எழுகிறது. வண்டி நிற்பது மட்டும் ஏன் போன இரண்டு தடவையாக? டயர்மேல் பழியைப் போடலாம், ஆனால் அதைத்தான் சரிசெய்தாயிற்றே.

அதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று ஒதுக்கினாள். நேரம் ஓடிக்கொண்டிருந்தது.

"ஒரு வழி இருக்குதுங்ண்ணா. ஓடற வண்டியில காலைத் தூக்குனாத்தான் வீலு அதைப் பயம்னு எழுதும். ஹேண்ட்பிரேக் போட்டு, மோட்டாரை அணைச்சுட்டீங்கன்னா அது ஓட்டறதுலயே சேத்தி இல்ல. கும்புடறதுன்னா நல்லா நிறுத்தி, எறங்கிக் கும்புடுங்க. அப்பறம் வந்து ஏறி, காலை எடுக்காம ஒரே மூச்சுல போயிரலாம்."

"எறங்கறதா? இங்கயா?"

"இங்கதான்."

அவர் முகம் சுண்டிப்போனது. பதினோரு வருடமாக அந்த மண்ணில் அவர் கால் வைத்ததில்லை. கல் நட்டது ஊர்க்காரர்கள். மஞ்சள் பூசுவதும் பூ வைப்பதும் குப்பாயி, உடம்பு முடிந்தவரை. அவர் மட்டும் கண்ணை இடுக்கிக்கொண்டு கடந்து போவார், அவ்வளவுதான்.

"முடியாதுங்க" என்றார். "அந்தப் பொண்ணுக்காக உசிரக் குடுன்னா குடுக்கறேன். இது முடியாது."

"உசிரெல்லாம் யாரும் கேக்கலீங்ண்ணா. எறங்கச் சொல்றேன். முப்பதடி." சொல்லிவிட்டு, கொஞ்சம் கடுமையாகப் பேசிவிட்டோமோ என்று தவமணி உதட்டைக் கடித்துக்கொண்டாள். ஆனால் வார்த்தையைத் திரும்ப வாங்கவில்லை.

பொன்னுரங்கம் கதவைத் திறந்தார். ஒரு காலைத் தரையில் வைத்துவிட்டு, கதவைப் பிடித்தபடி அப்படியே நின்றார். மறு காலையும் இறக்கினார். செருப்பைக் கழற்றிவிட்டு, கூழாங்கல் குத்தக் குத்த நடந்துபோய்க் கல்லுக்கு முன்னால் உட்கார்ந்தார். "தம்பி" என்று ஒரு வார்த்தைதான் தவமணிக்குக் கேட்டது. அப்புறம் பெரிய மனிதர் ஒருவர் குழந்தை மாதிரி அழுகிற சத்தம். அவள் மண்கரட்டின் பக்கம் திரும்பி நின்றுகொண்டாள். அவளுக்கும் கண் நிறைந்துவிட்டது, அதை யாரிடமும் மறைக்க வேண்டியிருக்கவில்லை.

கால் மணி நேரம் போயிருக்கும்.

"அம்மணி!" குரல் மாறியிருந்தது. "இங்க கொஞ்சம் வாங்க. இதென்னன்னு பாருங்க."

கல்லைச் சுற்றி முளைத்த புல்லை அவர் பிடுங்கியிருந்தார். கல்லுக்குப் பின்னால், பாதையின் ஓரத்தை ஒட்டி, ஒரு வெடிப்பு. தவமணி புல்லை ஒதுக்கிக்கொண்டே போனாள். வளைவு முழுக்க ஓடியது அது. ஒரு சாண் அகலம். ஓர் இரும்புக் கம்பியை உள்ளே விட்டாள், முழுக் கம்பியும் போய்விட்டது. வாயோரத்து மண் புதிதாகப் பிளந்திருந்தது. உள்ளேயோ மணிக்கட்டுக் கனத்தில் ஒரு மரத்தின் வேர் வெடிப்பைக் குறுக்கே கடந்து, காய்ந்து கறுத்துக் கிடந்தது.

அவள் பதிவுகளை மறுபடி எடுத்தாள். இம்முறை காலை விட்டுவிட்டு மண்ணைப் பார்த்தாள். மூன்று வாரமாக, மழைக்குப் பிறகு, பள்ளத்துப் பக்கச் சக்கரத்துக்குக் கீழே தரை ஒவ்வொரு பயணத்திலும் ஒரு நெல்மணி அளவு இறங்கியிருந்தது.

"அண்ணா, வீலு பொய் சொல்லலீங்ண்ணா. உங்க காலு மட்டும் சொன்னப்ப அது நம்பிட்டு ஓடிட்டுத்தான் இருந்துச்சு. மண்ணும் சேந்து சொன்னப்பத்தான் நின்னுருச்சு. இந்நேரம் நாம நெனச்சபடி ஒரே மூச்சுல போயிருந்தோம்னா..." அவள் முடிக்கவில்லை. சற்று முன்பு எத்தனை தெம்பாக யோசனை சொன்னோம் என்று நினைத்து வெட்கப்பட்டாள்.

அதன்பின் யோசிக்க நேரமில்லை. எஸ்தருக்கு போன் போனது. அரை மணியில் ஊரிலிருந்து ஒன்பது பேர் கடப்பாரையும் மண்வெட்டியுமாக ஓடி வந்தார்கள். வலப்பக்க மண்கரட்டை மூன்றடி ஆழத்துக்கு வெட்டினார்கள். வெட்டிய கல்லை எல்லாம் வெடிப்பை ஒட்டி வரிசையாக அடுக்கி, இந்தப் பக்கம் வராதே என்று வண்டிகளுக்குச் சொல்லும்படி வைத்தார்கள். பொன்னுரங்கம்தான் முதல் ஆளாகக் கடப்பாரை போட்டார், கடைசி ஆளாக நிறுத்தினார். மூன்றரை மணிக்கு வேன் போகிற அளவுக்குப் புதுத் தடம் கிடைத்தது.

அவர் ஏறி உட்கார்ந்தார். தவமணி பக்கத்தில். கரட்டை உரசிக்கொண்டு வண்டி நகர்ந்தது. முன் சக்கரங்கள் ஒரு கணம் தயங்கி மண்ணை நிதானித்தன. பின் நான்கும் ஒன்றாக இழுத்தன. கல்லைத் தாண்டும்போது பொன்னுரங்கத்தின் கால் மிதியிலேயே இருந்தது. நான்கு பத்துக்குக் கருநெல்லிப்பட்டி. ஊரே கை தட்டியது. கணினி, மனசே இல்லாமல், 'சேர்ந்தது' என்று பதிந்துகொண்டது.

குப்பாயியின் கையில் ஊசி ஏறி, குழாயில் ரத்தம் ஓடத் தொடங்கிய பிறகுதான் எஸ்தர் மூச்சு விட்டாள். வேனின் பின்படியில் உட்கார்ந்து தவமணி அறிக்கையை நிரப்பினாள். காரணம்: சாலை. வெடிப்பின் படங்களை இணைத்தாள். தடுப்புச் சுவரும் மண்பிடிப்பும் வேண்டும் என்று எழுதினாள். அதோடு விடாமல், மாநிலம் முழுக்க மலைப்பாதைகளில் டிரைவர்கள் காரணமில்லாமல் காலைத் தூக்கும் இடங்கள் எத்தனை என்று எல்லா வண்டிகளின் சக்கரங்களும் படித்ததைச் சேர்த்து வைக்கும் பொது நினைவைக் கேட்டாள். முந்நூற்றுப் பன்னிரண்டு. அந்தப் பட்டியலையும் அனுப்பினாள். கல்லோ சூலமோ சிலுவையோ, அங்கே எது இருந்தாலும் அதற்குப் பின்னால் போய் மண்ணைப் பாருங்கள் என்று ஒரு வரி சேர்த்தாள். மேலே இருப்பவர்கள் படிப்பார்களோ மாட்டார்களோ. நாளைக்கு நேரிலேயே போய் உட்கார்ந்துகொள்வது என்று முடிவு செய்தாள். அவள் உட்கார்ந்தால் எளிதில் எழுப்ப முடியாது.

பொன்னுரங்கம் மண்ணப்பிய கையோடு பக்கத்தில் வந்து நின்றார்.

"வெடிப்புக்குள்ள அந்த வேரு வெளிய தெரிஞ்சு, காஞ்சு கறுத்துப் பல வருசம் ஆயிருக்குமுங்களே அம்மணி. அப்ப அன்னிக்கும் அந்த மண்ணு அப்படித்தான் இருந்திருக்குமுங்களா?"

"இருந்திருக்கும்னுதாங்ண்ணா எனக்குப் படுது. மண்ணே போச்சுன்னா நாலு வீலும் போகும், நாப்பது வீலு இருந்தாலும் போகும்."

"இருந்தாலும் நான் அந்தத் திருகைப் போட்டிருந்தா..."

"எந்தத் திருகு?" உள்ளே படுக்கையிலிருந்து குப்பாயி கேட்டாள். தூங்குகிறாள் என்று நினைத்திருந்தார்கள்.

பொன்னுரங்கம் தலையைக் குனிந்துகொண்டார். தவமணிதான் சொன்னாள். முன் வீல் திருகு, மழை, இறங்காமல் ஓட்டியது, எல்லாம். பதினோரு வருடத்தை நாலு வாக்கியத்தில் சொல்ல முடிந்தது.

குப்பாயி தலையைத் தூக்கி அவரைப் பார்த்தாள். "அத அவரு போட்டாரே மாமா."

"யாரு?"

"உங்க தம்பி. நீங்க பின்னாடி மூட்டைக்குத் தார்ப்பாய் கட்டிக்கிட்டு இருந்தீங்க. அவரு சாக்கைத் தலையில போட்டுக்கிட்டு ரெண்டு பக்கமும் திருகிட்டு வந்து ஏறுனாரு. அண்ணன் நனைய வேணாம்னு சொன்னாரு. வாசல்ல நின்னு நான் பாத்தேன்." கொஞ்சம் மூச்சு வாங்கினாள். "இதையா நெனச்சுக்கிட்டு இருந்தீங்க? என்னைக் கண்டாலே தலையைக் குனிஞ்சுக்குவீங்க. ஒரு வார்த்தை கேட்டிருந்தா அன்னிக்கே சொல்லிருப்பனே."

பொன்னுரங்கம் வேனின் படியில் மெல்ல உட்கார்ந்தார். அவர் கைகள் இரண்டும், இல்லாத ஒரு ஸ்டியரிங்கைப் பிடித்ததுபோல் தானாக எழுந்தன. இடப்பக்கம் கொஞ்சம் திரும்பின.

"வளைவுல கனமா இருந்துச்சு" என்றார். "அன்னிக்கு ஸ்டியரிங் என்னிக்கும் இல்லாத கனமா இருந்துச்சு. மூட்டை பாரம்னு நெனச்சேன்."

"நாலும் இழுத்தா கனமாத்தாங்ண்ணா இருக்கும்" என்றாள் தவமணி.